முதுமையிலும் ஸுஜூது: கால்களின் வலுவும் உள்ளத்தின் ஒருமையும்

புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



அடுத்த ஜும்ஆவில் உங்கள் பள்ளிவாசலின் வரிசைகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். வரிசையின் ஓரங்களில் முன்பு ஓரிரு நாற்காலிகள் கிடந்தன. இன்று அவை பெருகிவிட்டன. அவற்றில் அமர்ந்திருப்போரில் பலர் உண்மையிலேயே இயலாதவர்கள். மூட்டு தேய்ந்தவர்கள், பக்கவாதம் கண்டவர்கள், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள். அவர்களுக்கு மார்க்கம் தந்த சலுகையைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. மூலநோயால் அவதியுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஷரீஅத் எவரையும் அவருடைய சக்திக்கு மீறிச் சிரமப்படுத்துவதில்லை.

ஆனால் அந்த நாற்காலிகளில் வேறு சிலரும் இருக்கிறார்கள். அவர்களை மருத்துவர் தடுக்கவில்லை. நோயும் பெரிதாக இல்லை. கீழே அமர்ந்தால் எழ முடியாமல் போய்விடுமோ என்னும் அச்சம் மட்டுமே இருக்கிறது. தரையில் நெற்றியை வைக்க வேண்டும் என்ற ஏக்கம் அவர்களுடைய உள்ளத்தில் இருக்கிறது, கால்களோ ஒத்துழைக்க மறுக்கின்றன. அந்தக் கால்களுக்கு இழந்த வலுவில் ஒரு பகுதியையேனும் மீட்டுக் கொடுக்க முடியுமா? இன்ஷா அல்லாஹ், பெரும்பாலோருக்கு முடியும். அதற்கான வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பலவீனத்திலிருந்து பலவீனத்திற்கு

மனிதனைப் பலவீனமான நிலையிலிருந்து படைத்து, பின்பு பலத்தைத் தந்து, அதன்பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் ஏற்படுத்துவதாக அல்லாஹ் திருமறையில் (30:54) தெளிவுபடுத்துகிறான். ஆகவே முதுமையின் தளர்ச்சி இறைவனின் நியதி. அதை வென்றுவிடுவோம் என்று எவரும் பெருமை பேசலாகாது.

எனினும் நியதி என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை நம் மார்க்கம். அறிந்திருந்தும் ஒன்றும் அறியாதவராக ஆகிவிடும் தள்ளாத வயதைப் பற்றித் திருமறை (16:70) பேசுகிறது. அத்தகைய நிலைக்குத் தள்ளப்படுவதிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். அந்த துஆவை ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார்கள் (புகாரி). துஆவுடன் முயற்சியும் சேர வேண்டும். உறுதிமிக்க நம்பிக்கையாளரின் சிறப்பைக் கூறும் முஸ்லிம் நூலின் ஹதீஸிலேயே, பயன் தருவதில் ஆர்வம் கொள்ளுமாறும், அல்லாஹ்விடம் உதவி தேடுமாறும், இயலாதவராக ஓய்ந்துவிடாதிருக்குமாறும் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளது.

முதுமையில் நபி (ஸல்) அவர்களின் இரவுத் தொழுகை எப்படி இருந்தது என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விவரிக்கிறார்கள். வயது முதிர்ந்தபின் அவர்கள் உட்கார்ந்து ஓதுவார்கள். ஏறத்தாழ முப்பது அல்லது நாற்பது வசனங்கள் எஞ்சியிருக்கும்போது எழுந்து நின்று அவற்றை ஓதி, பின்னர் ருகூஉ செய்வார்கள் (புகாரி). இதில் நமக்கு எவ்வளவு பெரிய படிப்பினை! முதுமை தந்த சலுகையை ஏற்றுக்கொண்டார்கள். எஞ்சியிருந்த வலுவையும் கைவிடவில்லை. முடிந்த அளவுக்கு எழுந்து நின்றார்கள்.

உழைத்த உடம்புக்குப் பயிற்சி எதற்கு?

நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பெரியவர்களிடம் உடற்பயிற்சி என்று சொன்னால் சிரிப்பார்கள். மானாவாரிக் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவித்தவர்கள், முந்திரிக் காடுகளில் வேலை செய்தவர்கள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெண்ட் ஆலைகளிலும் சுமை தூக்கியவர்கள், ஆட்டுக்கல்லிலும் உலக்கையிலும் குடும்பத்திற்கு உணவு சமைத்த தாய்மார்கள். உழைத்து உரமேறிய உடம்புக்குப் பயிற்சி எதற்கு என்பது அவர்களுடைய கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆனால் தசைகளைச் சேமித்து வைத்துப் பின்னர் எடுத்துச் செலவிட முடியாது. இன்று பயன்படுத்தினால்தான் அவை நாளை இருக்கும். முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு ஒருமுறை தசையின் அளவு சுமார் 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது என்றும், அறுபதுக்குப் பின் இக்குறைவு வேகமெடுக்கிறது என்றும் மருத்துவர்கள் கூறுகின்றனர். காட்டு வேலையை நிறுத்தி, திண்ணையிலும் தொலைக்காட்சி முன்பும் பொழுது கழியத் தொடங்கியதும் அத்தேய்மானம் விரைவாகிறது. காய்ச்சலில் பத்து நாள் படுத்த பெரியவர் எழுந்து நடக்கத் தடுமாறுவதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

தேய்ந்த தசை மீண்டும் வளருமா? 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. 86 முதல் 96 வயது வரையிலான, மெலிந்து தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்களுக்கு எடைப்பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் நடந்த கடினமான பயிற்சி அது. அதை வீட்டில் அப்படியே செய்யலாகாது. ஆயினும் தொண்ணூறு வயதுத் தசையும் அழைத்தால் பதில் சொல்லும் என்பதை அது நிரூபித்தது.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 1990களில் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய பயிற்சி முறையொன்றை வகுத்தனர். கால்களுக்கு வலு, உடலுக்குச் சமநிலை, சிறிது நடை ஆகிய மூன்றே அதில் உண்டு. அதைப் பின்பற்றிய முதியோர் கீழே விழுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கால் மட்டும் நடப்பதில்லை

கால்கள் வலுப்பெற்றால் போதுமா? போதாது. சுவீடன் நாட்டின் உமியோ நகரில் முதியோர் இல்லமொன்றில் இருந்த 58 பேரை மருத்துவ ஆய்வாளர்கள் கவனித்தனர். அதன் முடிவு 1997இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. அவர்களுடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தபோது 12 பேர் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதங்களுக்குள் அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் கீழே விழுந்தனர்.

இதன் பொருள் என்ன? இளமையில் நடை தானாகவே நிகழ்கிறது. முதுமையில் ஒவ்வொரு அடிக்கும் மூளையின் கவனம் தேவைப்படுகிறது. அக்கவனத்தை வேறொன்று பறிக்கும்போது கால் தடுமாறுகிறது. ஸுப்ஹு வேளையில் அரையிருட்டில் பள்ளிக்கு வருகிறீர்கள். படியில் செருப்பைக் கழற்றுகிறீர்கள். ஒளு செய்யும் இடத்தில் தரை ஈரமாக இருக்கிறது. இகாமத் சொல்லும் ஓசை கேட்கிறது. பின்னாலிருந்து ஒருவர் ஸலாம் சொல்கிறார், நீங்கள் திரும்புகிறீர்கள். விழுவது இத்தகைய நொடியில்தான். ஒரு விழுகையில் இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் நாற்காலியில் தொழுவதுகூடப் பெரும்பாடாகிவிடுகிறது.

ஆகவே வலுவையும் கவனத்தையும் சேர்த்தே பயில வேண்டும். பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயது வரையிலான 1260 பேரிடம் ஈராண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வு 2015இல் வெளியானது. உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, நல்லுணவு, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றை ஒன்றாகப் பெற்றவர்களுக்குச் சிந்தனைத் திறன் கூடுதலாக மேம்பட்டிருந்தது. இதனால் மறதி நோய் வரவே வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. ஷிஃபா அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. முயற்சி நம்முடையது.

தொழுகை காட்டும் வழி

உடலையும் உள்ளத்தையும் ஒன்றிணைக்கும் இந்த ஒழுங்கு நமக்குப் புதிதன்று. பர்ளான தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத்துகள், 34 ஸுஜூதுகள். தொழுகைக்குள் தரையிலிருந்து நிலைக்கு எழுவது 12 முறை. ஒவ்வொரு தொழுகையிலும் ஸலாம் கொடுத்தபின் எழுவதையும் சேர்த்தால் 17 முறை. அதுவும் அவசர அவசரமாக அன்று. தொழுகையை விரைந்து முடித்த ஒருவரைத் திரும்பத் திரும்பத் தொழச் செய்த நபி (ஸல்) அவர்கள், ஒவ்வொரு நிலையிலும் உடல் அமைதி பெறும்வரை நிற்குமாறு கற்றுக் கொடுத்தார்கள் (புகாரி). அத்துடன், வெற்றி பெற்ற நம்பிக்கையாளர்களின் முதல் அடையாளமாகத் தொழுகையில் உள்ளச்சத்தைத் திருமறை (23:1,2) குறிப்பிடுகிறது. நிதானமான அசைவு, சிதறாத உள்ளம்: இரண்டும் சேர்ந்ததே தொழுகை.

இங்கே ஒன்றைத் தெளிவாக நினைவில் கொள்ளுங்கள். தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சி என்று எண்ணித் தொழுவது நிய்யத்தையே கெடுத்துவிடும். நாம் கூறுவது நேர்மாறானது. தொழுகையை அதன் முழு வடிவில் நிறைவேற்றுவதற்காக, தொழுகைக்கு வெளியே உடலைத் தயார் செய்யுங்கள். அந்த நிய்யத்துடன் செய்யும் பயிற்சிக்கும் கூலி உண்டு என்று ஆதரவு வைக்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும், மூன்று நாட்களேனும் சமநிலைப் பயிற்சியையும் செய்யுமாறு கூறுகிறது. அத்துடன் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் நடை போன்ற மிதமான உழைப்பும் வேண்டும். நடை மட்டும் போதும் என்றிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடை இதயத்திற்கு நல்லது. தரையிலிருந்து எழும் வலுவைத் தர அது மட்டும் போதாது.

முதலாவது, நாற்காலியிலிருந்து எழுதல். கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். மூன்று எண்ணும்வரை மெதுவாக எழுந்து, மூன்று எண்ணும்வரை மெதுவாக அமருங்கள். தொடக்கத்தில் ஐந்து முறை போதும். கைகளை ஊன்றாமல் பத்து முறை செய்ய முடிவதே இலக்கு.

இரண்டாவது, குதிகால் உயர்த்துதல். சன்னல் கம்பியைப் பிடித்து நின்று இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குங்கள். பத்து முறை.

மூன்றாவது, சுவரைத் தள்ளுதல். ஒரு முழம் தள்ளி நின்று உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கை மடக்கிச் சுவரை நெருங்கி, பின் தள்ளி நிமிருங்கள். தரையில் கை ஊன்றி எழ இந்த வலுதான் துணை செய்யும்.

நான்காவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒவ்வொரு கையிலும் பிடித்து, முழங்கையை மடக்கித் தோள்வரை உயர்த்தி இறக்குதல். அரை லிட்டர் நீர் அரைக் கிலோ எடை.

ஐந்தாவது, சுவரோரமாக ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல்களைத் தொடுமாறு ஒரே கோட்டில் பத்து அடி நடத்தல். கை சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும்.

சில வாரங்கள் சென்றபின் ஆறாவதாக, பாயிலிருந்து எழுதல். எதிரே அசையாத நாற்காலி இருக்க வேண்டும். அருகில் ஒருவர் நிற்க வேண்டும். நாற்காலியில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு முழங்காலைத் தரையில் வைத்து, மறு காலை முன்வைத்து எழுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போதும். ஸுஜூதுக்குத் திரும்பும் படிக்கட்டு இதுவே.

வலுப்பயிற்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். தசை ஓய்வில்தான் வளர்கிறது.

உள்ளத்தை இணைப்பது எவ்வாறு?

இதில் இரு படிகள் உண்டு. முதல் இரு வாரங்கள் கவனம் முழுவதும் அசைவின் மீதே இருக்கட்டும். எழும்போது உடலின் பாரம் எந்தப் பாதத்தில் அதிகம் விழுகிறது? முழங்கால் நேராக இருக்கிறதா? இவ்வாறு உங்களையே கேட்டுக்கொண்டு செய்யுங்கள். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு எண்ணுபவர் மூச்சை அடக்க முடியாது. விரும்பினால் எண்ணிக்கைக்குப் பதிலாக தஸ்பீஹ் சொல்லலாம். நின்றும் அமர்ந்தும் படுத்தும் இறைவனை நினைப்பவர்களைத் திருமறை (3:191) புகழ்கிறது அல்லவா?

அசைவு பழகியபின் இரண்டாம் படி. உடல் ஒன்றைச் செய்ய, மூளைக்கு வேறொரு வேலை கொடுங்கள். குதிகால் உயர்த்தும்போது இருபதிலிருந்து தலைகீழாக எண்ணுங்கள். துல்ஹஜ்ஜிலிருந்து முஹர்ரம் வரை மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லுங்கள். அம்ம ஜுஸ்உவின் கடைசிப் பத்து சூராக்களின் பெயர்களை வரிசைப்படுத்துங்கள். பேரப்பிள்ளை கேள்வி கேட்கட்டும், நீங்கள் சுவரோரம் நடந்துகொண்டே பதில் கூறுங்கள். பதில் தவறினால் பாதகமில்லை. கால் தடுமாறினால் உடனே கேள்வியை நிறுத்திவிட்டுக் காலைக் கவனியுங்கள். எப்போதும் பாதுகாப்பே முதலாவது.

கவனிக்க வேண்டியவை

மாரடைப்பு, பக்கவாதம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, மூட்டு மாற்றம், கடும் எலும்புத் தேய்வு உடையோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது. நெஞ்சு வலியோ மயக்கமோ வழக்கத்திற்கு மீறிய மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை உண்போரில் சிலருக்கு ஸுஜூதிலிருந்தோ படுக்கையிலிருந்தோ சட்டென எழும்போது கண் இருட்டும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீரிழிவு உடையோர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டாம். ரமளானில் இஃப்தாருக்குச் சிறிது நேரம் கழித்துச் செய்வது நல்லது.

தசைக்குப் புரதம் தேவை. பெரியவர்கள் பலர் கஞ்சியும் பிஸ்கட்டுமாக நாளைக் கழிக்கிறார்கள். முட்டை, மீன், பால், பயறு, கொண்டைக்கடலை இவற்றில் ஏதேனும் அன்றாடம் இருக்கட்டும். சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் ஸுஜூது இயலவில்லையா? வருந்த வேண்டாம். உங்கள் ஆலிமிடம் கேட்டு, உங்கள் நிலைக்கு ஏற்ற முறையில் தொழுங்கள். ஆரோக்கியத்தில் செய்துவந்த அமல்களின் நன்மை நோயிலும் எழுதப்படும் என்பது நபிமொழி தரும் ஆறுதல் (புகாரி).

பிள்ளைகளுக்கும் ஜமாஅத்தாருக்கும்

வெள்ளாற்றங்கரையின் லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். மாதந்தோறும் பணம் அனுப்புகிறார்கள். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் சிரமம் வேண்டாமென்று எல்லா வேலைக்கும் ஆள் வைக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் எழுந்து தண்ணீர் எடுக்கவும் விடாத அன்பு அவர்களுடைய கால்களின் வலுவைப் பறித்துவிடுகிறது. அன்பர்களே! தொலைபேசியில் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பதோடு, இன்று நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தீர்கள் என்றும் கேளுங்கள். குளியலறையில் பிடிமானக் கம்பியும், வழியில் இரவு விளக்கும், வழுக்காத மிதியடியும் அமைத்துக் கொடுங்கள். பெற்றோருக்குச் செய்யும் நன்மையில் அதுவும் அடங்கும்.

தமிழகத்தில் முதியோர் மருத்துவம் புதிதன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர் மருத்துவர் வ.செ. நடராசன் அவர்கள். அரியலூரிலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கொண்டோட்டிப் பகுதியில் ஓய்வு பெற்ற துணை இராணுவ வீரர் ஒருவர் தொடங்கிய ‘மெக் 7’ என்னும் அதிகாலைப் பயிற்சிக் கூட்டத்தில், 21 நிமிடங்களில் உடலசைவும் மூச்சுப் பயிற்சியும் மன ஒருமைப்பாடும் சேர்ந்தே கற்பிக்கப்படுகின்றன. பல சமயத்தாரும் அதில் கலந்துகொள்கிறார்கள். நம் ஊர்களிலும் ஸுப்ஹுக்குப் பின் வாரம் இரு நாட்கள் மதரஸாக் கூடத்தில் பெரியவர்களைக் கூட்டலாம். பெண்களுக்கு நிஸ்வான் மதரஸாவில் தனி ஏற்பாடு செய்யலாம். தொடக்கத்தில் ஓர் இயன்முறை மருத்துவரை அழைத்து ஒவ்வொருவரையும் பரிசோதிக்கச் செய்வது அவசியம். ஒளு செய்யுமிடத்தில் கைப்பிடிக் கம்பியும், படிகளில் நல்ல வெளிச்சமும் அமைப்பதற்குப் பெரும் செலவாகாது.

அன்பிற்குரியவர்களே! உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள் (புகாரி). இன்று அஸருக்குப் பின் ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதில் தொடங்குங்கள். என்றோ ஒரு நாள் நாற்காலியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, வரிசையில் தோளோடு தோள் நின்று, தரையில் நெற்றி பதிக்கும் பாக்கியம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் செவிகளையும் பார்வைகளையும் கால்களின் வலுவையும் நாங்கள் வாழும் காலமெல்லாம் எங்களுக்குப் பயனளிக்கச் செய்வாயாக! அறிவு மங்கிய தள்ளாத வயதிலிருந்து எங்களையும் எங்கள் பெற்றோரையும் காப்பாயாக! இயலாமல் போனவர்களின் ஏக்கத்தையும் ஸுஜூதாக ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.